வண்டிப் பாதைக்கு வாங்கிய ஊது மிஷின்

1. மூன்றில் ஒன்று

முதலாளி வீட்டு முன்னால் மூன்று மிஷின்களை இறக்கி வைத்திருந்தார்கள். கோயமுத்தூர்க் கம்பெனியிலிருந்து வந்தவர் ஒவ்வொன்றையும் தட்டிக் காட்டிப் பேசிக்கொண்டிருந்தார். நாங்கள் ஆறு பெண்கள் கையில் சீமாற்றுடன் தள்ளி நின்றோம். எங்கள் வேலையைச் செய்யத்தான் அவை வந்திருக்கின்றன என்பது யாரும் சொல்லாமலே புரிந்தது.

அறுபதுகளின் நடுப்பகுதி அது. திருப்பூரில் ஒரு ஜின்னிங் பேக்டரியில் எனக்கு வேலை. பருத்தியிலிருந்து கொட்டையைப் பிரித்து, பஞ்சைப் பேல் கட்டி மில்லுக்கு அனுப்புகிற இடம். முதலாளியின் வீடும் அதே காம்பவுண்டுக்குள்தான். மெயின் கேட்டிலிருந்து வீட்டுப் போர்ட்டிகோ வரை கார் போக ஒரு சிமெண்ட் பாதை இருந்தது. சீசன் தொடங்கினால் ஜின் ஹாலிலிருந்து பறக்கும் பஞ்சுத் தூசி அந்தப் பாதையை மூடிவிடும். காலையில் கூட்டிய இடம் மத்தியானம் மறுபடியும் வெள்ளையாகக் கிடக்கும். முதலாளியின் சம்சாரத்துக்கு இளைப்பு நோய். கார் போகும்போது கிளம்புகிற தூசி வீட்டுக்குள் போனால் அந்த அம்மா ராத்திரியெல்லாம் உட்கார்ந்தே இருப்பார். அதனால்தான் அந்தப் பாதைக்கென்றே ஆறு பேர். எட்டாவது வரை படித்திருந்ததால் நான் அவர்களுக்கு மேஸ்திரி.

முதல் மிஷின் பெட்ரோலில் ஓடுவது. சக்கரம் வைத்தது. கயிற்றை இழுத்து ஸ்டார்ட் செய்ததுமே எங்கள் பேக்டரி பிட்டர் பொன்னுச்சாமி அண்ணன் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார்.

"சைலன்சர் இந்தச் சூடு சுடுது. பஞ்சு ஒட்டுனா தீப் புடிச்சுக்குமுங்க. காம்பவுண்டுக்குள்ள இது வேண்டாமுங்க."

முதலாளி தலையாட்டினார். இரண்டாவது, கரண்டில் ஓடுகிற ப்ளோயர். நீளமான வயர், இரும்புக் கைப்பிடி, முன்னால் யானைத் தும்பிக்கை மாதிரி ஒரு குழாய். அது காற்றை ஊதிப் பஞ்சை ஒரு பக்கமாகத் தள்ளியது. மூன்றாவது, ஊதுவதற்குப் பதிலாக உறிஞ்சியது. பின்னால் தொங்கிய துணிப் பையில் பஞ்சு போய் நிறைந்தது.

"நீ ஓட்டிப் பாரு மயிலாத்தா. கூட்டுற இடம் உனக்குத்தானே தெரியும்" என்றார் முதலாளி.

இரண்டையும் போர்ட்டிகோ வரை ஓட்டிப் பார்த்தேன். ஊதுகிற மிஷின் லேசாக இருந்தது. ஆனால் அது கிளப்பிய பஞ்சில் பாதி செடிகளின் மேல் போய் உட்கார்ந்தது. உறிஞ்சுகிற மிஷின் கனம். பையும் சீக்கிரம் நிறைந்துவிட்டது. ஆனால் அது போன தடம் கழுவிவிட்ட மாதிரி இருந்தது.

"உறிஞ்சுறதுதான் நல்லாருக்குதுங்க. தூசி பறக்கறதில்லீங்க. அம்மாவுக்கும் நல்லதுங்க."

"அதுக்கு எத்தன ஆளு வேணும்?"

"ரெண்டு பேருங்க. ஒருத்தரு புடிக்கோணும், ஒருத்தரு பையக் கொட்டிக் கொட்டிக் குடுக்கோணுங்க."

"ஊதுறதுக்கு?"

"ஒருத்தரு போதுமுங்க."

முதலாளி கெட்டவர் அல்ல. ஆனால் கணக்குப் பார்க்கிறவர். "அட, ரெண்டு பேரப் போடறதுக்கு மிஷின் எதுக்கு? ஊதுறதையே உட்டுட்டுப் போங்க" என்று கம்பெனிக்காரரிடம் சொல்லிவிட்டு உள்ளே போனார். வாங்குகிற பேச்சு அதோடு முடிந்தது.

2. தொண்டை

மற்ற ஐந்து பேரையும் வேலையை விட்டு நிறுத்தவில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். வீரபாண்டிப் பக்கம் முதலாளியின் பங்காளிக்கு ஒரு பஞ்சுக் கிடங்கு இருந்தது. அங்கே பருத்தியில் குப்பை பொறுக்க அனுப்பினார். மிஷினில் எழுதியிருப்பதைப் படிக்கத் தெரியும் என்பதால் மிஷினோடு என்னை நிறுத்திக்கொண்டார்கள்.

போகிற அன்று ராமாத்தா என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஆறு பேரில் அவள்தான் எனக்கு நெருக்கம். "நீயாச்சும் நிழல்ல நின்னு ஓட்டு புள்ள. நாங்க அங்க போயி கெட்டுப் போயிர மாட்டோம்" என்றாள். எனக்கு அதிர்ஷ்டம் அடித்துவிட்டது என்றே அவர்கள் நினைத்தார்கள். முதல் வாரம் நானும் அப்படித்தான் நினைத்தேன்.

எனக்கு அப்போது முப்பதுகூட ஆகவில்லை. வீட்டுக்காரர் இறந்துவிட்டார். குழந்தை இல்லை. லைன் வீட்டில் ஒரு அறை. காலையில் வேலைக்குப் போனால்தான் எனக்குப் பேச்சு. ஆறு பேரும் வரிசையாகக் குனிந்து கூட்டிக்கொண்டே ஊர்க்கதை எல்லாம் பேசுவோம். யார் வீட்டில் என்ன குழம்பு, யார் மாமியார் என்ன சொன்னாள், எல்லாம் சீமாற்றுச் சத்தத்துக்கு நடுவே ஓடும். அது வேலையின் ஒரு பகுதி என்று அதுவரை எனக்குத் தெரியாது.

மிஷின் வந்தபின் வாயிலும் மூக்கிலும் துணி கட்டிக்கொண்டு, காதில் பஞ்சு வைத்துக்கொண்டு நான் ஒருத்தியாக அந்தப் பாதையில் போய் வந்துகொண்டிருந்தேன். செடிமேல் உட்கார்ந்த பஞ்சு காற்றடித்தால் மறுபடி பாதையில் விழும். மறுபடி ஊதுவேன். ஜின் ஹாலில் இருப்பவர்களுக்குப் பீஸ் ரேட், செய்த அளவுக்குத்தான் கூலி. யாரும் வெளியே எட்டிப் பார்க்க மாட்டார்கள். வீட்டு ஜன்னல்களைத் தூசிக்காகச் சாத்தியே வைத்திருப்பார்கள். சாப்பாட்டு நேரத்தில் கொட்டைக் குடோன் சுவரோரம் தூக்குப்போசியைத் திறந்துவைத்து உட்கார்வேன். மிஷினை நிறுத்திவிட்டாலும் காதுக்குள் அது ஓடிக்கொண்டே இருக்கும்.

ஒருநாள் சாயங்காலம் மளிகைக் கடையில் நின்று, "அரைப்படி ராகிங்க" என்று கேட்டேன். குரல் வரவில்லை. காற்று மட்டும்தான் வந்தது. கனைத்துவிட்டு மறுபடி கேட்டேன்.

"என்னம்மணி, தொண்ட கட்டிக்கிச்சா?" என்றார் கடைக்காரர்.

"தூசிங்க" என்றேன்.

நடந்து வரும்போதுதான் யோசித்தேன். காலையிலிருந்து நான் பேசிய முதல் வார்த்தையே அந்த ராகிதான்.

3. ஈரத்தில்

சீசன் முடிகிற நேரத்தில் ஒருநாள் காலை மழை தூறிவிட்டு நின்றது. பாதை ஈரமாக இருந்தது. ஈரப் பஞ்சு சிமெண்டோடு ஒட்டிக்கொள்ளும். ஊதினால் அவ்வளவு சுலபத்தில் நகராது. பக்கத்தில் போய்க் குனிந்து ஊத வேண்டும். வயர் பாதைக்குக் குறுக்கே கிடந்தது. பருத்தி லாரி ஒன்று அதன்மேல் ஏறிக் குடோன் பக்கம் போனதை நான் கவனிக்கவில்லை. முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

வயரை இழுத்துக்கொண்டு ஓரடி வைத்தேன். கைப்பிடி என்னைப் பிடித்துக்கொண்டது. வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. விரலை விரிக்க முடியவில்லை. கத்தினேன். நான் கத்தியது எனக்கே கேட்கவில்லை. மிஷினும் ஜின் ஹாலும் சேர்ந்து இரைந்துகொண்டிருந்தன. அப்படியே பின்பக்கமாக விழுந்தேன். விழுந்த வேகத்தில் வயர் இழுபட்டு, சுவரில் இருந்த பிளக் பிடுங்கிக்கொண்டது. அதனால்தான் இதை எழுத நான் இருக்கிறேன்.

ஈரச் சிமெண்டில் மல்லாந்து கிடந்தேன். மிஷின் நின்றிருந்தது. யாராவது வருவார்கள் என்று பார்த்தேன். வரவில்லை. வீட்டு ஜன்னல் சாத்தியிருந்தது. லாரிக்காரர் குடோனுக்குள் இருந்தார். வானத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தபோது எனக்கு வலியைவிட வேறொன்றுதான் தெரிந்தது. நான் செத்துப்போயிருந்தாலும் அந்த ஜின் ஹால் இதே மாதிரிதான் இரைந்துகொண்டிருக்கும். மத்தியானம் கார் எடுக்க வருகிறவர்தான் பார்த்திருப்பார்.

நானே எழுந்தேன். நானே நடந்து போய்ப் பொன்னுச்சாமி அண்ணனிடம் கையைக் காட்டினேன். உள்ளங்கை வெந்து வெள்ளையாகியிருந்தது. அவர் ஓடிப்போய் வயரைப் பார்த்தார், பிளக்கைப் பார்த்தார். அப்படியே தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். வயர் நசுங்கிக் கம்பி வெளியே தெரிந்தது. அதோடு, கம்பெனிக்காரர் ரெண்டு பின் பிளக்கையே மாட்டிவிட்டுப் போயிருந்தார். எர்த் வயரை மாட்டவே இல்லை; நசுங்கிய இடத்தில் அந்த வயருக்குத் தாவிய கரண்ட்தான் கைப்பிடிக்கு வந்திருந்தது.

முதலாளி வந்தார். என் கையைப் பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது.

"ஏன் மயிலாத்தா, ஒரு சத்தம் போட்டிருக்கலாமல்லோ?"

"போட்டனுங்க" என்றேன்.

அவர் இரைந்துகொண்டிருந்த ஜின் ஹால் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு, "கை ஆறுற வரைக்கும் ஊட்ல இரு. கூலி வந்துரும்" என்றார்.

"கை ஆறிப் போயிருமுங்க. கூட ஒரு ஆளு இல்லாம நான் அந்த மிஷினத் தொட மாட்டனுங்க."

அதுவரை அவரிடம் நான் இப்படிப் பேசியதில்லை. பொன்னுச்சாமி அண்ணன் மெதுவாக என் பக்கம் வந்து நின்றார். "அது சொல்றது சரிதானுங்க. வயரப் பாக்கறதுக்கு ஒரு ஆளு வேணுமுங்க" என்றார்.

"போட்டுக்கலாம்" என்றார் முதலாளி.

4. இன்னொருத்தி

ராமாத்தாவைக் கேட்டு ஆள் அனுப்பினேன். அவள் புருஷனோடு சோமனூருக்கு விசைத்தறி வேலைக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். அடுத்த சீசன் தொடங்கும்போது வேறு ஒருத்தி வந்தாள். பெயர் முத்துலட்சுமி, திருநெல்வேலிப் பக்கம். கைக்குழந்தையை அக்கா வீட்டில் விட்டுவிட்டு வந்தவள். எனக்கு அவள் பேச்சு பாதி புரியாது, அவளுக்கு என் பேச்சு பாதி புரியாது. அதிகம் பேசுகிறவளும் இல்லை.

மூன்று பின் பிளக் மாட்டி, புது வயர் போட்டு, கைப்பிடிக்கு ரப்பர் சுற்றிய பிறகும் முதல் நாள் எனக்கு மிஷினைத் தொடக் கை வரவில்லை. முத்துலட்சுமி வயரைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு பிளக் பக்கம் போய் நின்றாள்.

"ஓட்டுங்கக்கா. நான் இங்கனதான நிக்கேன்" என்றாள்.

ஓட்டினேன். பாதையின் கடைசிவரை போய்த் திரும்பிப் பார்த்தேன். என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

பழைய பேச்சும் சிரிப்பும் திரும்பி வந்ததா என்றால், இல்லை. அந்தச் சீசன் முழுதும் நான் தனி ஆள் போலத்தான் இருந்தேன். அவளும் அப்படித்தான் இருந்திருப்பாள். ஒரு ஆள் பக்கத்தில் நின்றால் தனிமை போய்விடும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் சாயங்காலம் இரண்டு பேரும் ஒன்றாகக் கேட்டைத் தாண்டி வெளியே வருவோம்.

பின்னாளில் ஒரு பனியன் கம்பெனியில் பேக்கிங் சூப்பர்வைசராக இருந்து ரிட்டயர் ஆனேன். புது மிஷின் வருகிறபோதெல்லாம் எத்தனை ஆள் மிச்சமாகும் என்றே எல்லோரும் பேசுவார்கள். நான் மானேஜரிடம் வேறொன்று கேட்பேன்: "இந்தப் புள்ள கத்துனா யாருக்குங்க கேக்கும்?" சிலர் சிரித்தார்கள். சிலர் ஆள் போட்டார்கள். போடாத இடத்தில் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு நானே உட்கார்ந்துகொண்டேன். வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்ல என்னிடம் இருப்பது அவ்வளவுதான்.