மாத்சுநாமி கப்பலிலிருந்து ஒபோனுக்கு வந்தவர்

எங்கள் நகாய் ஊர் மித்சுஜி செத்துப்போனதாகக் கடற்படை கடிதம் அனுப்பியதற்கு மித்சுஜியேதான் காரணம். ஆமாம், அவரேதான்!

மீன்பிடிப் படகு ஓட்டிக்கொண்டிருந்தவர். ஃபுசாயேவைக் கல்யாணம் செய்த பதினோராவது மாதம் படைக்கு அழைப்பு வந்தது. ‘மாத்சுநாமி’ என்ற நாசகாரிக் கப்பலில், கொதிகலன் அறையில் வேலை. நாசகாரி என்றால் சீறிப் பாய்ந்து சண்டை போடும் என்று நினைத்துப் போனவருக்கு வாய்த்தது அரிசி மூட்டை. எதிரி விமானங்கள் பார்க்காதபடி இருட்டில் தீவு தீவாக ஓடி, பட்டினி கிடக்கும் தரைப்படைக்கு அரிசியும் தோட்டாவும் இறக்கிவிட்டு, விடிவதற்குள் தப்பித்து வர வேண்டும். ‘எலி ஓட்டம்’ என்று மாலுமிகளே அதற்குப் பெயர் வைத்திருந்தார்கள்.

“நாம படைக்காரனாடா, மளிகைக் கடை வண்டிக்காரனாடா?” என்று அறைத் தலைவர் ஒவ்வொரு ஓட்டத்திலும் கேட்பாராம். “வண்டிக்காரனுக்குக் கூலியாச்சும் ஒழுங்கா வரும் ஐயா” என்பாராம் மித்சுஜி.

1944 நவம்பரில், பிலிப்பைன்ஸ் தீவு ஒன்றின் கரையில், மூட்டைகளை இறக்கி முடிப்பதற்குள் விடிந்துவிட்டது. விமானங்கள் வந்துவிட்டன. கொதிகலன் அறை வெக்கையில் தவித்தவர்களுக்குக் குடிதண்ணீர் எடுத்துவரும் முறை அன்று மித்சுஜிக்கு. வாளியோடு மேல்தளத்தில் கால் வைத்தார். கீழே குண்டு விழுந்தது. அறையில் இருந்த பதினொரு பேரில் ஒருவர்கூட ஏறி வரவில்லை. ஏழு நிமிடத்தில் கப்பல் இரண்டாக உடைந்து மூழ்கிவிட்டது. வாளி மட்டும் கொஞ்ச நேரம் பக்கத்திலேயே மிதந்ததாம்.

எண்ணெயில் தோய்ந்து கிடந்தவரை மறுநாள் அமெரிக்கப் படகு ஒன்று தூக்கியது. பெயர் கேட்டார்கள். அந்தக் காலத்தில் எங்கள் ஆட்களுக்குச் சாவைவிடப் பெரிய பயம், உயிரோடு பிடிபட்டது ஊருக்குத் தெரிந்துவிடுமே என்பதுதான். அம்மா எப்படி வெளியே தலைகாட்டுவார்? வாயில் வந்த பெயரைச் சொல்லிவிட்டார்: டோகுனாகா. எங்கள் ஊர்ப் பொதுக் குளியலறை முதலாளியின் பெயர்! அன்றிலிருந்து டோகுனாகா உயிரோடு இருந்தார். மித்சுஜி கப்பலோடு போய்விட்டார்.

போர் முடிந்து, 1946 ஆகஸ்ட் பதின்மூன்றாம் தேதி காலையில் உராகா துறைமுகத்தில் வந்து இறங்கினார். அங்கே சுமை தூக்கிக்கொண்டிருந்த எங்கள் ஊர் கிஹெய் அவரைப் பார்த்ததும் பெட்டியைக் கீழே போட்டுவிட்டார்.

“அடப்பாவி மித்சுஜி! உன் சாவுச் சாப்பாட்டை ரெண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேனேடா!”

“எப்ப?”

“இந்த வருஷம் மார்ச்சு மாசம். அஸ்தி வைக்கிற வெள்ளைப் பெட்டி வந்துச்சு. உள்ள உன் பேரெழுதின காகிதம்தான் இருந்துச்சு.” கிஹெய் குரலைத் தாழ்த்தினார். “இன்னொண்ணுடா. ஃபுசாயேவை உன் தம்பி எய்சோவுக்கே கட்டிவைக்கிறதா பேசி முடிச்சுட்டாங்க. உன்னோட முதல் ஒபோன் முடியட்டும்னு காத்திருக்காங்க. அடுத்த வாரம் கல்யாணம்.”

இறந்தவர்கள் வீட்டுக்கு வந்து தங்கும் அந்த ஒபோன் நாட்கள் அன்று மாலைதான் தொடங்குகின்றன.

பதிவு மேசைக்காரர் “பேரு?” என்றார். மித்சுஜி கணக்குப் போட்டுப் பார்த்தார். வீட்டுக்குப் போனால் பேசி முடித்த கல்யாணத்தைக் கலைக்க வேண்டும். போகாவிட்டால் ஃபுசாயே இல்லை. கடைசியில் “டோகுனாகா, ஊர் ஒசாகா” என்றார். ஒசாகாவுக்கு ரயில் சீட்டுக் கொடுத்தார்கள். ஏறுவதற்கு முன் அவளை ஒரே ஒரு தடவை, தூரத்தில் நின்று பார்த்துவிட்டால் போதும் என்று ஊர்ப் பக்கம் நடந்தார்.

பொழுது சாயும் நேரம். வீட்டு வாசலில், வரும் ஆவிக்கு வழி தெரிவதற்காகச் சணல் தண்டு எரிந்துகொண்டிருந்தது. பக்கத்தில் அந்த ஆவி ஏறி வர, குச்சிக் கால் செருகிய வெள்ளரிக்காய்க் குதிரை. அம்மா டோமே குந்தியிருந்தார், எய்சோ விசிறிக்கொண்டிருந்தான். வேலிக்குப் பின்னால் ஒளிந்திருந்த மித்சுஜிக்குப் புகை மூக்கில் ஏறியது. தும்மிவிட்டார்!

அம்மா நிமிர்ந்து பார்த்தார். அலறவே இல்லை. எழுந்து, குனிந்து வணங்கினார்.

“வந்துட்டியாப்பா? உள்ள வா, உனக்குத்தான் எல்லாம் படைச்சு வெச்சிருக்கேன்.”

“அம்மா, நான்...”

“பேசிக் களைச்சுப் போயிடாதப்பா. தண்ணிக்குள்ளயிருந்து எவ்வளவு தூரம் வந்திருக்க.”

எய்சோ விசிறியை எறிந்துவிட்டுக் கும்பிட்டான். “அண்ணா, மன்னிச்சிடுண்ணா! நானா கேக்கலைண்ணா, பெரியவங்க பேசி முடிச்சுட்டாங்க!”

சத்தம் கேட்டு ஃபுசாயே வேலிக்கு வெளியே ஓடி வந்தாள். முகத்தைப் பார்த்தாள். அப்புறம் சட்டென்று கீழே பார்த்தாள். எங்கள் ஊர் ஆவிகளுக்குக் கால் கிடையாது. இவருக்கோ பெரிய அமெரிக்கப் பூட்ஸ், அதில் அப்பின சேறு. குந்தி உட்கார்ந்து அதை அழுத்திப் பார்த்தாள்.

“அத்தை, கால் இருக்கு.”

“நல்லாப் பாருடி!”

“ரெண்டும் இருக்கு. நாத்தம் வேற அடிக்குது. உயிரோடதான் வந்திருக்காரு!” எழுந்து அவர் நெஞ்சில் இரண்டு கையாலும் குத்தினாள். “எங்கங்க போனீங்க? ஒரு காயிதம் போட்டா கை முறிஞ்சிடுமா?”

“பேரை மாத்திச் சொல்லிட்டேன்.”

“என்னன்னு?”

“டோகுனாகான்னு.”

“வேற பேரே கிடைக்கலையா? அந்தக் கஞ்சப் பயலா நீங்க?” அழுதுகொண்டே சிரித்தாள் ஃபுசாயே. அந்தச் சிரிப்பை நினைத்தால் எனக்குக் கண் நிறைகிறது.

மித்சுஜி இன்னும் வேலியைத் தாண்டவில்லை. “கிஹெய் எல்லாம் சொன்னான். உனக்கும் தம்பிக்கும்... நான் போயிடவா? மனசுல இருக்கிறதைச் சொல்லு.”

அவள் மறுபடி குந்தி, பூட்ஸ் கயிற்றை அவிழ்த்து, இரண்டையும் உருவிக் கையில் எடுத்துக்கொண்டாள்.

“இப்பப் போங்க பாப்போம்.”

“அப்பாடா!” என்றான் எய்சோ. “வலை மடிக்கத் தெரியலைன்னு அண்ணி தினமும் என்னைத் திட்டுறாங்கண்ணா. இனிமே நீயே வாங்கிக்கோ.” சொல்லிவிட்டுக் கடற்கரைப் பக்கம் போய்க் கொஞ்ச நேரம் தனியாக நின்றான். யாரும் கூப்பிடவில்லை.

தனக்குப் படைத்த சோற்றையும் கத்தரிக்காயையும் மித்சுஜியே உட்கார்ந்து சாப்பிட்டார். அம்மா ஒவ்வொரு கவளமும் தொண்டையில் இறங்குவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

பதினாறாம் தேதி, வந்த ஆவிகளை வழியனுப்பும் தீ. “நம்ம வீட்டுல அனுப்ப யாரு இருக்கா?” என்றார் அம்மா. மித்சுஜி கொதிகலன் அறையின் பதினொரு பெயர்களையும் ஒவ்வொன்றாகச் சொன்னார். “அவங்க வீடெல்லாம் தூரம்மா. என்கூடவே வந்திருந்தாங்கன்னா?” அம்மா பதினொரு தண்டுகளை எடுத்துவந்து பற்றவைத்தார்.

ஆவிகளோடு இவரும் கிளம்பிவிடுவாரோ என்பதுபோல், தீ எரிந்து முடியும்வரை ஃபுசாயே அவருடைய சட்டைக் கையை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். ஒரு கையை நீட்டிச் சாம்பல் ஆறிவிட்டதா என்று தொட்டுப் பார்த்த பிறகுதான் மற்றக் கையையும் விட்டாள்.