பத்தாம் எண் ஜெர்சி

ஒரு நாளிதழின் உள்ளூர்ப் பக்கத்துக்குக் கல்லூரி விளையாட்டுச் செய்திகள் எழுதுவது என் வேலை. நெய்யாற்றின்கரையிலிருந்து எல்லை வரை உள்ள மைதானங்கள் என் ஆட்சிப்பகுதி. அதை வேறு யாரும் கேட்டதில்லை. என் செய்தியில் தவறே வராது என்று எனக்கொரு பெயர் உண்டு. அந்தப் பெயரை வைத்தவனும் நான்தான்.

ஆட்டம் தொடங்குமுன் அணிப்பட்டியலைப் பார்த்து எழுதிக்கொள்வேன். பிறகு முகம் பார்ப்பதில்லை, முதுகிலுள்ள எண்ணை மட்டும் பார்ப்பேன். முகம் ஏமாற்றும், எண் ஏமாற்றாது என்று புதிய நிருபர்களுக்கு வகுப்பே எடுத்திருக்கிறேன்.

உதியன்குளங்கரை பக்கம் நடந்த பெண்கள் கால்பந்து இறுதிப்போட்டியில் கடைசி நிமிடத்தில் பத்தாம் எண் கோல் அடித்தது. பட்டியலில் பத்தாம் எண், அணித்தலைவி. அவள் பெயரை எழுதினேன்.

மறுநாள் பாறசாலை பஸ் ஸ்டாப்பில் ஒரு மாணவி என்னை மறித்தாள். கையில் எங்கள் பத்திரிகை.

"சாரே, அந்த கோலு நானாக்கும் அடிச்சேன்."

"பத்தாம் நம்பர்லா அடிச்சுது?"

"அவளுக்கு காலு பெசகிச்சு, என்னை எறக்கினாவ. எங்க காலேஜுல மாத்தாளுக்கு ஜெர்சி கெடையாது. வெளிய போறவளுக்க ஜெர்சிய வாங்கி டீசர்ட்டுக்கு மேல போடணும். கண்டில்லியா?"

நான் அப்போது எண்ணை எழுதிக்கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை பல்கலைக்கழக அணிக்கான பயிற்சி முகாம். அவள் பெயரும் அதில் இருந்தது. அப்பா விடமாட்டேன் என்கிறார். கோல் அடித்ததாகச் சொன்னவள் பொய் சொல்கிறாள் என்பதற்கு, அவரிடம் அச்சடித்த ஆதாரம் இருக்கிறது. நான் எழுதியது.

அலுவலகத்துக்குப் போன் செய்து திருத்தம் போடச் சொன்னேன். எதிர்முனையில் சிரித்தார்கள். "காலேஜ் வெளையாட்டுக்குத் திருத்தமா? அதைப் படிச்சவன் யாரு ஓய்?"

படித்தவர், அவளுடைய அப்பா, குன்னத்துகாலில் மரச்சீனிக் கிழங்குக் கடை வைத்திருந்தார். ஞாயிறு காலை அங்கே போய், தவறு என்னுடையது என்றேன். அவர் தராசிலிருந்து தலையைத் தூக்கினார்.

"மூஞ்சியப் பாக்காமலாக்கும் எழுதுதீரு?"

"ஆமா."

"எத்தற வருசமா?"

சொன்னேன். கிழங்கு வாங்க வந்திருந்த பெண் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

அவர் பத்திரிகையை எடுத்து நீட்டினார். செய்தியின் ஓரத்தில் சரியான பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இத்தனை வருடத்தில் ஒரு வாசகர் என்னிடம் கையெழுத்து கேட்டது அதுதான் முதல்முறை. அதற்கும் சாட்சியாக மகளைக் கூப்பிட்டார்.

"செரி, கோலு எப்படி விழுந்துது?" என்றார் என்னிடம்.

நான் மகளைப் பார்த்தேன். அவள் சாக்குகளுக்கு நடுவே நின்று, எந்தக் காலால், எந்த மூலைக்கு என்று காட்டத் தொடங்கினாள். கால் பட்டு ஒரு கிழங்கு ரோட்டுக்கு உருண்டது. அப்பா அதை எடுத்து வந்து தராசில் போட்டார்.

"நாளைக்கு எத்தற மணிக்கு பஸ்சு, மக்கா?"

நான் நோட்டை எடுத்து, இடது கால், வலது மூலை என்று குறித்துக்கொண்டேன்.