லயத்துக்கு வந்த அரச கொள்கை

பொதுப் பொருளியலும் அரச கொள்கையும் படிக்கிறவர்களுக்கு ஊரில் ஓய்வே கிடையாது. எந்தக் குழாயில் தண்ணீர் நின்றாலும் நாம்தான் பதில் சொல்ல வேண்டும். என்னைப்போல் இந்தப் பாடத்தில் மாட்டிக்கொண்டவர்களுக்கு இதெல்லாம் புதிதாக இருக்காது.

என்ன படிப்பு?

கெம்பஸிலிருந்து முதல் லீவுக்கு லிந்துலைத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்தபோது, தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் பக்கத்து வீட்டு மாரியாயி அத்தை விசாரித்தார். அம்மாவோடு கொழுந்து எடுக்கிறவர். "டாக்டருக்கா, டீச்சருக்கா?" என்றார். இரண்டும் இல்லை, ரோடு, ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் என்று அரசாங்கம் மக்களுக்கு எதை எப்படிச் செய்துகொடுக்க வேண்டும் என்று படிக்கிறோம் என்றேன். அத்தை யோசித்தார். முகத்தில் நிஜமாகவே கவலை.

"அவங்க செய்யிறதே இல்லையே, நீ எதப் பாத்தும்மா படிப்ப?"

தெரு விளக்கு

பொதுப் பொருளுக்கு உதாரணம் தெரு விளக்கு என்றார் விரிவுரையாளர். அதன் வெளிச்சம் எல்லோருக்கும் பொது, யாரையும் விலக்க முடியாதாம். நான் சும்மா இருந்திருக்கலாம். எழுந்து, எங்கள் தோட்டத்து ஒரே விளக்கு தொழிற்சங்கத் தலைவர் வீட்டு வாசலைப் பார்த்துத் திருப்பியிருக்கிறது, மற்றவர்களுக்கு அவர் வீட்டுத் தகரத்தில் பட்டுத் தெறிக்கிற மிச்சம்தான் என்றேன். வகுப்பே சிரித்தது. யாழ்ப்பாணத்துக்காரரான விரிவுரையாளர் மட்டும் சிரிக்காமல் கண்ணாடியைத் துடைத்தார்.

"அப்ப வெளிச்சம் பொது, அதைத் திருப்பிற கை தனியார் எண்டு எழுதிக்கொள்ளுங்கோ, பிள்ளை."

ஐந்து கட்டங்கள்

கடைசி வருஷ ஆய்வுக்காகக் கேள்விப் படிவத்தோடு மலைக்குப் போனேன். 'பொதுச் சேவைகளில் உங்கள் திருப்தி' என்று தலைப்பு. கீழே ஐந்து கட்டம், மிகுந்த திருப்தியிலிருந்து மிகுந்த அதிருப்திவரை. கொழுந்து நிறுக்கக் காத்திருந்த லெட்சுமி அக்காவுக்கு எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினேன். இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னார். பிறகு, என் மனம் நோகக்கூடாது என்பதுபோல் மெதுவாகக் கேட்டார்.

"இதுல 'பழகிப் போச்சு'ன்னு ஒரு கட்டம் இல்லையா தங்கச்சி?"

எட்டுப் பக்கம்

ஹட்டன் பஸ் எங்கள் தோட்டத்துக்கு ஏறாது, கீழே சந்தியிலேயே திரும்பிவிடும். பிள்ளைகள் மூன்று மைல் நடந்து இறங்க வேண்டும். ஒரு வருஷம் மழையில் நடந்துபோன மாரியாயி அத்தையின் மகள், சாதாரண தரப் பரீட்சைக்குப் பிந்திப்போய், கணிதப் பாடம் எழுதாமலே அழுதுகொண்டு வந்தாள். எனக்குப் பொறுக்கவில்லை. 'சமூக நன்மை', 'புறவிளைவு' எல்லாம் போட்டு, தமிழிலும் சிங்களத்திலும் எட்டுப் பக்கம் பஸ் டிப்போவுக்கு எழுதினேன். 'கவனத்தில் எடுக்கப்பட்டுள்ளது' என்று ஒரு வரி பதில் வந்தது. அதைப் பத்திரமாக வேறு வைத்திருந்தேன்.

அடுத்த பரீட்சை நெருங்கியதும் அத்தை எட்டுப் பெண்களைக் கூட்டிக்கொண்டு டிப்போவுக்கே கிளம்பினார். சிங்களத்தில் பேச நானும் போனேன். பேச்சுக்கு வேலையே இல்லை. மேலாளரின் அறை வாசலில் வரிசையாக உட்கார்ந்து, ரொட்டிப் பொட்டலத்தைப் பிரித்துவிட்டார்கள். மத்தியானத்துக்குள் கையெழுத்து விழுந்தது. அந்த வருஷம் பரீட்சை முடியும்வரை பஸ் மேலே ஏறி வந்தது. ஒரு பிள்ளையும் பிந்தவில்லை. கையெழுத்து வைத்த கையோடு அந்தச் சிங்கள மேலாளர் என்னைத் தங்கச்சி முறை வைத்துத் தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னது இது:

"நங்கி, உங்க கடிதம் ரொம்ப நல்லம். ஆனா அது பைலுக்குள்ள போட்டா போகுது, இந்த அம்மாங்க போறது இல்ல தானே."

இப்போது பட்டமும் வாங்கியாகிவிட்டது. ஒரு கொள்கையை நடைமுறைக்குக் கொண்டுவருவது எப்படி என்று யாராவது கேட்டால், மத்தியானச் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு போங்கள் என்றுதான் சொல்கிறேன்.