தங்க எழுத்துப் பூசைப் புத்தகம்

ஐரோப்பாவில் சண்டை நடந்துகொண்டிருந்த காலம். புதுச்சேரி அச்சாபீசில் பைண்டிங் வேலை கற்றுக்கொண்டு பாகூரில் குடியிருந்தேன். அந்த ஐப்பசிப் புயலில் ஏரித் தண்ணீர் பக்கத்து ஊர் மாதா கோயிலுக்குள் புகுந்துவிட்டது. வெள்ளம் வடிந்த மறுநாள், அந்தக் கோயிலின் காரியங்களைப் பார்த்துவந்த கோயில்பிள்ளை முழங்கால் சேற்றோடு என் வாசலில் நின்றார்.

"சாமியாரு உன்ன இட்டாரச் சொன்னாருபா. பொஸ்தகம் நனஞ்சிப்போச்சி."

எந்தப் புத்தகம் என்று நான் கேட்கவில்லை. நான் கிறிஸ்தவ வேதக்காரன் இல்லை. ஆனாலும் ஒரு திருவிழாவில் அதைப் பார்த்திருக்கிறேன். கன்றுத் தோலில் கையால் எழுதிய லத்தீன் பூசைப் புத்தகம். பக்கத்துக்குப் பக்கம் தங்க எழுத்து, நீல முக்காட்டில் மாதா, ஓரமெல்லாம் கொடியும் பறவையும். யாரோ பழைய பாதிரியார் பிரான்சிலிருந்து கப்பலில் கொண்டுவந்ததாம்.

இப்போது அது சாமியாரின் அறையில் மேசைமேல் உப்பிக் கிடந்தது. தாள் என்றால் எனக்குத் தெரியும். இது தோல். ஊறிப் பசையாகி, பக்கத்தோடு பக்கம் ஒட்டியிருந்தது. வெயிலில் வைத்தால் சுருண்டுவிடும் என்பது மட்டும் தெரிந்தது. நிழலில் வைத்து, பிரிந்த இடங்களில் மையொற்றுத் தாள் செருகி, மேலே பலகை வைத்தேன். நாலைந்து நாளில் ஓரத்தில் கறுப்புப் புள்ளிகள் தெரிந்தன.

சாமியார் வெள்ளைக்காரர், கிழவர். எங்கள் ஊர்த் தமிழே பேசுவார்.

"தொறந்தா?"

"கிழியும், சாமி."

"தொறக்கலன்னா?"

"பூசணம் தின்னுடும்."

"ரெண்டுல எது மேலுன்னு சொல்லேன்பா."

பிரான்சில் இதற்கென்றே ஆட்கள் இருப்பதாக அவரே சொன்னார். ஆனால் சண்டைக் காலத்தில் கப்பல் ஏது? கடைசியில், ஒரு பக்கத்தையாவது பிரித்துப் பார்க்கச் சொன்னார். தந்தக் கத்தியை நுழைத்து மெதுவாக நகர்த்தினேன். தோல் பிரிந்தது. ஆனால் மாதாவின் முகம் எதிர்ப்பக்கத்தில் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. தங்கம் செதில் செதிலாக என் விரலில்.

"ஐயோ, மாதா மொகம் போய்டுச்சே!" என்று கோயில்பிள்ளை தலையில் கைவைத்துக்கொண்டார். சாமியார் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"போதும்பா. மூடிடு."

மூடினோம். பூசணம் உள்ளே போய்க்கொண்டே இருந்தது. தோல் அழுகும் வாடைக்கு நாய்கள் வந்து கதவைப் பிராண்டின. தினமும் போனேன், போய்ப் பார்ப்பதைத் தவிர ஒன்றும் செய்யவில்லை. கோயிலில் மந்திரித்த பொருளைக் குப்பையில் போடக்கூடாதாம், புதைக்கத்தான் வேண்டுமாம். மார்கழி பிறப்பதற்குள் சாமியார் அதைப் பீடத் துணியில் சுற்றிக் கல்லறைத் தோட்டத்துக்கு எடுத்துவந்தார். கோயில்பிள்ளை குழி வெட்டினார். செத்தவர்களுக்குச் சொல்கிற மந்திரம்தானா, வேறா, எனக்குத் தெரியாது. முணுமுணுத்தபடியே குனிந்து சாமியாரே அதை உள்ளே வைத்தார்.

மண் தள்ளி முடிந்ததும் என் பக்கம் திரும்பி, "வூட்டுக்குப் போறதுக்கு முன்ன சாப்ட்டுட்டுப் போ" என்றார்.

"பசிக்கல, சாமி" என்று சொல்லிவிட்டு வண்டிப் பாதையில் இறங்கி நடந்தேன்.