ஒட்டுத்தாடி

வெள்ளவத்தை லொட்ஜின் வரவேற்பறையில் ஒரு ஹிந்திப் படம் ஓடுகிறது. பணக்கார நாயகன் ஒட்டுமீசை வைத்து, டிரைவர் வேடத்தில் பெண்வீட்டாரை ஆழம் பார்க்கிறான். மீசை பாதி கழன்று தொங்குகிறது, ஒருவருக்கும் தெரியவில்லை. என்ன கண்களோ!

அறைச் சாவியைக் கொடுத்துவிட்டு நான் காலி நகருக்குப் போகும் ரயிலைப் பிடிக்க வேண்டும். பட்டுச்சேலை கட்டிய ஓர் அம்மா வழியை மறிக்கிறார். கனடா மாப்பிள்ளையை நேரில் பார்க்க, யாழ்ப்பாணத்திலிருந்து மகளோடு வந்து காத்திருப்பவர்.

"தம்பி, நீங்கள்தானே கனடா?"

"இல்லைங்க, நான் மதுரை. மோட்டார் பம்ப் விக்க வந்திருக்கேன்."

"ஓம், ஓம். இந்தியத் தமிழும் பழகிக்கொண்டு வந்திருக்கிறீங்கள்." டிவியைக் காட்டிச் சிரிக்கிறார். "நாங்களும் படம் பாக்கிறனாங்கள்."

"போட்டோ பார்த்திருப்பீங்களே அம்மா?"

"அதில தாடி. வழிச்சுப்போட்டு வந்தால் எங்களுக்குத் தெரியாமல் போகுமோ?"

ரயில் டிக்கெட்டை எடுத்து நீட்டுகிறேன். அதையும் திருப்பித் திருப்பிப் பார்த்து, "எவ்வளவு ஆயத்தம்!" என்று வியக்கிறார். மகள் எனக்குத் தேநீர் கொண்டுவருகிறாள். கடற்கரைப் பக்கம் என் ரயில் கூவிக்கொண்டு போகிறது.

அப்போதுதான் தாடி வைத்த ஒருவர் வியர்க்க விறுவிறுக்க உள்ளே வருகிறார்.

"சொரி அன்ரி, ட்ராபிக். நான்தான் கனடாவிலயிருந்து வந்தனான்."

அம்மா அவரை மேலும் கீழும் பார்க்கிறார். பிறகு என் பக்கம் குனிந்து, மெதுவாகச் சொல்கிறார்:

"உங்கட டிரைவருக்குத் தாடியை வடிவா ஒட்டியிருக்கிறீங்கள், தம்பி."