தேசம்மா கூட்டிவந்த குதிரை

திருவான்மியூர் குப்பத்துத் தேசம்மா, அடையாறு பங்களாக்களுக்குத் தினமும் மீன் கொண்டுபோய் விற்பவள். 1942 ஏப்ரலில் ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று ஊரே காலியானபோதும் பழக்கத்தில் போனாள். வாங்க ஆளில்லை. ஒரு பங்களா லாயத்தில், கிண்டியில் பந்தயம் ஓடி ஓய்ந்த கிழட்டுக் குதிரை ஒன்று மட்டும் கட்டிப்போட்டபடியே நின்றது. விலா எலும்பை எண்ணலாம். தொட்டியில் சொட்டுத் தண்ணீர் இல்லை.

கிணற்றில் இறைத்துக் குடிக்க வைத்தாள். பிறகு கயிற்றை அவிழ்த்து வீட்டுக்கு நடத்தி வந்தாள்.

“இன்னாமே, மீன் விக்கப் போய் குதிரையோட வர்றே?” என்றான் கணவன் குப்பன்.

“அங்க இது மட்டுந்தான் கீது. உட்டா செத்துப்பூடும்.”

குப்பன் தன் கஞ்சியில் பாதியைக் குதிரைக்கு ஊற்றினான்.

ஆறு மாதம் கழித்து ஊர் திரும்பிய பங்களாக்காரர், குதிரை சதை பிடித்திருப்பதைக் கேள்விப்பட்டுத் தேடி வந்தார். தேசம்மா குறுக்கே வந்து நின்றாள்.

“பேர் சொல்லிக் கூப்புடு சாமி. வந்தா இட்டுக்கினு போ,” என்றாள்.

அவர் மூன்று பெயர்களைச் சொல்லிப் பார்த்தார். மூன்றும் அவர் முன்பு வைத்திருந்த, பந்தயத்தில் ஜெயித்த வேறு குதிரைகளின் பெயர்கள். இந்தக் குதிரை எதிலும் ஜெயித்ததில்லை. அது புல்லிலிருந்து தலையைத் தூக்கவில்லை. அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு காருக்குப் போனார்.

தேசம்மாவும் அதற்குப் பெயர் எதுவும் வைக்கவில்லை. “தோ, வா” என்பாள். வரும்.