டிரேட் லைசென்ஸும் மாஷிமாவின் நாலாவது வரியும்

இந்த ஊரில் நான் வாயைத் திறந்தால் போதும், எதிரில் இருப்பவருக்கு இட்லி ஞாபகம் வந்துவிடுகிறது. டிரேட் லைசென்ஸ் கேட்டு மாநகராட்சி ஆபீசுக்குப் போன முதல் நாள், விண்ணப்பத்தில் என் பெயரைப் பார்த்ததுமே குமாஸ்தா, தொழில் என்ற இடத்தில் உணவகம் என்று எழுதிவிட்டார். நான் விற்பது புடவை என்றேன். கடை எங்கே என்றார். கம்ப்யூட்டரில் என்றேன். பேனாவை மூடிவைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "கம்ப்யூட்டருக்குள்ள யாரு போய் நின்னு வாங்குவாங்க, பௌதி? உணவகம்னே இருக்கட்டும், சீக்கிரம் முடிஞ்சிடும்" என்று வங்காள மொழியில் ஆறுதல் சொன்னார். அண்ணி என்று கூப்பிட்டுக்கொண்டே என் பிழைப்பை மாற்றி எழுதும் மனுஷனை என்ன செய்ய? புடவை என்று எழுதும்வரை நகர மாட்டேன் என்று நின்றேன். எழுதினார். கையோடு, வீட்டுச் சொந்தக்காரரின் சம்மதக் கடிதம் வேண்டும் என்றும் சொல்லி அனுப்பினார்.

கல்யாணமாகி மதுரையிலிருந்து நான் கல்கத்தா வந்தது தொண்ணூறுகளின் தொடக்கத்தில். கணவருக்கு வங்கி உத்தியோகம், லேக் மார்க்கெட் பக்கம் மாடி வீடு. விடுமுறைக்கு மதுரை போகும்போதெல்லாம் நான் கட்டியிருக்கும் தாந்த் புடவையை, அதாவது இந்த ஊர்க் கைத்தறிப் பருத்தியை, யாராவது ஒருத்தி தொட்டுப் பார்த்து, அடுத்த தடவை எனக்கொன்று என்பாள். பத்து வருஷம் பெட்டியில் சுமந்தேன். வீட்டுக்கு இன்டர்நெட் வந்ததும் ஒரு வெப்சைட் போட்டேன். லைசென்ஸ் இருந்தால்தான் தொழிலுக்கு என் பெயரில் வங்கிக் கணக்கு. கணக்கு இருந்தால்தான் வெப்சைட்டில் விற்க முடியும். வங்கிக்காரர் பெண்டாட்டிக்கும் அதே விதிதான்.

வீட்டுக்காரி கீழ்வீட்டு மாஷிமா. மாஷிமா என்றால் சித்தி, பெரியம்மா முறை. துர்கா பூஜையில் அவர் வீட்டுப் பிரசாதம் முதலில் எங்கள் மாடிக்குத்தான் வரும். ஆனால் கடிதம் என்றதும் முகம் மாறிவிட்டது. குடியிருப்பவர் கையில் லைசென்ஸ் வந்துவிட்டால் அப்புறம் கோர்ட்டுக்குப் போனாலும் கிளப்ப முடியாது என்ற பயம் இங்கே வீட்டுக்காரர்களுக்கு உண்டு. ஒரு வாரம் கழித்து, முதலில் நான் கையெழுத்துப் போட வேண்டும் என்று ஒரு தாளோடு ஏறி வந்தார். வீட்டில் உரிமை கோர மாட்டேன், வாசலில் போர்டு மாட்ட மாட்டேன், மாடிப்படியில் சரக்கு வைக்க மாட்டேன். மூன்றுக்கும் சரி. நாலாவது வரியில், நாங்கள் வெளியூர்க்காரர்கள், கணவர் ஓய்வு பெற்றதும் சொந்த ஊருக்கே போய்விடுவோம் என்று இருந்தது.

எனக்குச் சுருக்கென்றது. மதுரை ரேஷன் கார்டில் என் பெயரை அடித்து எத்தனையோ வருஷமாயிற்று. அங்கே போய் இறங்கினால் தம்பி மனைவி காப்பி கொடுக்கும் முன்பே, திரும்ப எப்போது டிக்கெட் என்கிறாள். இங்கே இவர். ஆளாளுக்கு என்னைக் கிளப்ப நாள் பார்த்தால் நான் எங்கேதான் உட்காருவது? பேனாவை எடுத்து நாலாவது வரியை அடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.

"வீடு உங்களோடது, மாஷிமா. காலி பண்ணச் சொன்னா இதே தெருவுல வேற வீடு பாத்துக்குவேன். ஊரை விட்டுப் போறேன்னு மட்டும் எழுதித் தர மாட்டேன்."

அவர் தாளோடு இறங்கிப் போனார். ஒரு வரிதானே, எழுதிக் கொடுத்தால் என்ன என்றார் கணவர். அவருக்கு அன்று சாப்பாடு மட்டும் போட்டேன், பேச்சு கிடையாது. லைசென்ஸ் போச்சு என்றே நினைத்தேன், அழுகையும் வந்தது. ஆனாலும் கீழே போய்க் கெஞ்சவில்லை.

மூன்றாம் நாள் மாஷிமாவே வந்து சம்மதக் கடிதத்தை நீட்டினார். கையெழுத்து இருந்தது. நாலாவது வரியைப் பற்றிப் பேச்சே இல்லை.

"இந்தத் தெருவுல வேற எங்க போனாலும் வாடகை ஜாஸ்தி. இங்கேயே இரு" என்றார்.

லைசென்ஸ் வந்தது. முதல் ஆர்டர் மதுரையில் நான் பிறந்த தெருவிலிருந்தே வந்தது. பார்சலை வாங்கிப் புரட்டிப் பார்த்த தபாலாபீஸ் அம்மாள், போய்ச் சேராவிட்டால் எங்கே திருப்பி அனுப்புவது, அதை எழுதவில்லையே என்றார். லேக் மார்க்கெட் முகவரியை அழுத்தி எழுதினேன். எழுதி முடித்தும் பார்சலை உடனே திருப்பிக் கொடுக்கவில்லை. நான் பிறந்த தெருவின் பெயர் மேல் கை கொஞ்ச நேரம் இருந்தது.